இன்னும் எத்தனை நாள்?

கோலா சாவாவில் ஞாயிறுதோறும் காலையிலே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில் வந்து கூடுவர். பாய் விரித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, வேதத்திலிருந்து ஒரு கதை கேட்டு, முடிவிலே கண்மூடி ஜெபித்துக் கலைந்து போவர். அவர்கட்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகின்றது. பெரும் படிப்போ பட்டமோ பெற்றவன் அல்லன் நான். தோட்டத்திலே பிறந்து, தோட்டத்துப் பள்ளியிலே எழுத்தறிந்து, வயது சென்ற பின் இப்பிள்ளைகளோடு உட்காரும் பேறு வாய்த்தவன், அவ்வளவே.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, பிள்ளைகள் யாவரும் கண்மூடிக் கைகூப்பியிருந்த வேளையில், ஒரு சிறுவன் மட்டும் கண்ணைத் திறந்தபடியே என்னை நோக்கிக்கொண்டிருந்தான். அவன் கண் திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். ஜெப வேளையிலே ஒரு கண்ணைத் திறந்து பிள்ளைகளைக் கவனிப்பது ஆசிரியர்கட்குள்ள பழைய வழக்கம். அன்று அவ்வழக்கம் என்னைத் தலைகுனிய வைத்தது.

பிள்ளைகள் போன பின் அவனை அழைத்து, “ஏன் தம்பி, ஜெபிக்கவில்லையா?” என்றேன்.

“இன்னும் எத்தனை நாள், சார்?” என்று கேட்டான். நான் விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே மற்றொரு கேள்வியும் பிறந்தது. “நான் சரியாக ஜெபிக்கவில்லையோ?”

முதற் கேள்வி எனக்கு வருத்தம் தந்தது. இரண்டாவது கேள்வியோ நெஞ்சைச் சுட்டது. ஏனெனில் அதை அவன் மனத்தில் விதைத்தவன் நானே.

அவன் எதற்காக ஜெபித்து வந்தான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவன் இம்மாநிலத்திலேயே பிறந்தவன். அவன் தந்தை இந்நாட்டுக் குடிமகன். தாயோ குடிமகளும் அல்லள், நிரந்தரவாசியும் அல்லள். நம் நாட்டில் குடிமக்கட்கு நீல அட்டை. நிரந்தரவாசிகட்குச் சிவப்பு அட்டை. அத்தாயும் இந்த மண்ணிற் பிறந்து வளர்ந்தவள்தான். 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் பிறந்தபோது மலாயாவில் அடையாள அட்டை முறை வந்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அக்காலங்களிலே தோட்டத்தின் எல்லையைத் தாண்டாத ஏழைகள் எத்தனையோ பேர், மனுச் செய்ய வேண்டுமென்பதை அறியாமலும், அறிந்தும் காட்டுவதற்குக் கடுதாசி இல்லாமலும் இருந்துவிட்டனர். அவர் செய்யாது விட்டது பேரப்பிள்ளைகள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

இச்சிறுவனின் பெற்றோர் ஊரறிய மாலை மாற்றிக்கொண்டனர். ஆனால் பிள்ளை பிறக்குமுன் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. பதிவில்லாத் திருமணத்திற் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை வருவதில்லை. தாயின் நிலையே பிள்ளையின் நிலையாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே அவன் எந்நாட்டுக்கும் உரியவன் அல்லாதவன் ஆனான். நம் நாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு வயது நிறைந்ததும் மைகார்டு எனப்படும் அட்டையைப் பெறுகின்றனர். அவன் வகுப்புத் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த அட்டையைப் பெற்று, பள்ளியிலே ஒருவருக்கொருவர் காட்டி, அதிலுள்ள தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். அவனும் தன் முகத்தை அவ்வாறு பார்க்க விரும்பினான். அதுவே அவன் ஜெபம்.

அவன் அதை முதன்முதல் என்னிடம் சொன்ன நாளில், என் வாய் என் அறிவை முந்திக்கொண்டது. “விசுவாசத்தோடு விடாமல் ஜெபி, தம்பி. உன் பிறந்தநாளுக்குள் வந்துவிடும்,” என்று சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். ஆனால் கடவுளின் பெயரால் நாள் குறிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிறந்தநாள் வந்தது, போயிற்று. அட்டை வரவில்லை. சொன்னவன் பொய்யன் என்று அப்பிள்ளை நினைக்கவில்லை; ஜெபித்த தானே குற்றவாளி என்று நினைத்தான். பிள்ளைகளின் மனம் அப்படிப்பட்டது. வீட்டிலே எது கெட்டாலும் அது தன்னால்தானோ என்று முதலில் நினைப்பது பிள்ளையே.

நிற்க. அன்று இரவு என் பாட்டியின் நினைவு வந்தது.

என் பாட்டனார் பால் வெட்டுபவர். கோலா என்றால் மலாய் மொழியில் ஆற்றுமுகம். சாவா என்றால் நெல்வயல். ஊரின் பெயரிலே நெல் இருந்தாலும், எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது ரப்பர் மரமே. 1943-ஆம் ஆண்டு ஜப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே தாங்கள் அமைத்த இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் சேர்த்தனர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தனர். சொல்லுக்கு மயங்காதவரைப் பின்னர் வலிந்து பிடித்தும் சென்றனர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவருட் பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17-ஆம் நாள் ஒன்று சேர்ந்தன. காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் மடிந்தவர்களோ அந்த நீளம் முழுதும் சிதறிக் கிடந்தனர். மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியிலே பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்குப் பெயரும் இல்லை, குழியும் இன்னதென்று தெரியாது. அவர்கள் நினைவாக அவ்வூரில் ஒரு நடுகல் எழுந்தது 2023-ஆம் ஆண்டில்தான்.

என் பாட்டனார் மூன்று மாதம் என்று சொல்லிப் போனார். திரும்பவில்லை. இறந்தார் என்ற சேதியும் வரவில்லை. அப்போது என் தந்தைக்கு இரண்டு வயது.

பாட்டி அதன் பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு உயிரோடிருந்தார். மாலைதோறும் லயத்து வீட்டின் திண்ணையில் விளக்கை ஏற்றிவைத்து முழங்காற்படியிட்டு ஜெபிப்பார். அந்த ஜெபத்தில், “அவருக்கு என்ன ஆயிற்று? சொல்லும், ஆண்டவரே,” என்ற ஒரு வாக்கியம் ஒருநாளும் தவறியதில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, “பாட்டி, இத்தனை வருஷமாகக் கேட்கிறீர்களே, ஒன்றும் வரவில்லையே, பின் ஏன் கேட்கிறீர்கள்?” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “நான் கேட்பதை நிறுத்தினால், அவரைக் கொண்டுபோனது சரிதான் என்று நானே கைநாட்டு வைத்ததாகிவிடும், ஐயா,” என்றார்.

எழுத்தறியாத என் பாட்டி சொன்ன அச்சொல்லின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அச்சிறுவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பின்னரே விளங்கத் தொடங்கிற்று.

பாட்டியும் பால் வெட்டியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, தம் நிரையிலே மரத்துக்கு மரம் வெட்டி மங்கை வைத்துக்கொண்டே போவார். வெட்டியவுடனே மங்கு நிறைவதில்லை. பால் வடியும் நேரம் வடிந்தாக வேண்டும். பிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் மரத்துக்குத் திரும்புவது. ‘பொறுத்தால் நிறையும்’ என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல உவமை என்று நானும் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். ஆனால் பாட்டி அறிந்திருந்த மற்றொன்றை நான் சொல்லாது விட்டேன். பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் மரங்களும் நிரையில் உண்டு. எவ்வளவு பொறுத்தாலும் அங்கே மங்கு நிறையாது. ஒரு மரம் காய்ந்ததற்காக என் பாட்டி நிரையை விட்டு வந்ததில்லை. காய்ந்த மரத்தைப் பார்த்துப் ‘பால் வடிகிறது’ என்று கங்காணியிடம் பொய் சொன்னதுமில்லை. பிள்ளைகட்கு உவமை சொல்லும் நாம் காய்ந்த மரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கிறிஸ்தவப் பிள்ளைகட்கு இப்பொருள்பற்றி எங்கும் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாக இருந்தபோது தம் பழுப்புக் கண்களை நீலமாக மாற்றும்படி ஓர் இரவு ஜெபித்தாராம். விடிந்ததும் கண்ணாடியிலே பார்த்தார்; கண் பழுப்பாகவே இருந்தது. பின்னர் அவர் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரிலே தங்கி, பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றும் பணியைச் செய்தார். தமிழ்ப் பெண்போல் சேலை உடுத்தி, மேனியைக் கறுப்பாக்கிக்கொண்டு உள்ளே போக அந்தப் பழுப்புக் கண்களே துணை செய்தன என்று கதை முடியும். 1951-இல் மறையுமளவும் அவர் தாயகம் திரும்பாது இம்மண்ணிலேயே இருந்தது வரலாறு.

நல்ல கதை. நானும் சொல்லியிருக்கிறேன். எனினும் இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது பிள்ளைக்குத் தீங்கு என்று இப்போது எண்ணுகிறேன். கடவுள் ‘இல்லை’ என்ற ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் அழகான காரணம் நம் கண்ணுக்குத் தெரிந்தே தீரும் என்று அது கற்பித்துவிடுகிறது. என் பாட்டிக்கு எக்காரணம் தெரிந்தது? சயாமிலே மடிந்தவர்களின் மனைவிமார்க்கு யார் வந்து விளக்கம் சொன்னார்? அன்றியும், அம்மையாரின் கண் நிறத்தால் மட்டும் அக்குழந்தைகளின் விலங்கு ஒடிந்துவிடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் 1927-இல் அவ்வழக்கத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டுச் சட்டமாகவே வந்தது. இருபது ஆண்டு! அதற்கிடையே எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார் எத்தனை கடவுளரை நோக்கி அழுதிருப்பர்!

மறு ஞாயிறன்று நான் பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் எதிரிலேயே அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “கடவுள் எனக்குச் சொல்லாத ஒரு நாளை நான் உனக்குச் சொன்னேன். அது என் பிழை. உன் ஜெபத்தில் குறை ஒன்றும் இல்லை,” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் கண்டதில்லை போலும்.

அதன் பின் சங்கீத புத்தகத்தின் 13-ஆம் சங்கீதத்தைத் திறக்கச் சொன்னேன். ஆறே வசனங்கள். அதன் முதலிரண்டு வசனங்களில், ‘இன்னும் எவ்வளவு காலம்’ என்ற பொருளுடைய கேள்வியை அப்பாடலாசிரியர் கடவுளை நோக்கி நான்கு தரம் கேட்கிறார். அதை அவனையே படிக்கச் செய்தேன். படித்து முடித்து நிமிர்ந்தவன், “நான் கேட்டதுதானே, சார்?” என்றான். ஆம்; அவன் கேட்டதுதான். ஜெபத்தை விட்டுவிட்டதாக அவன் நினைத்த அந்த வேளையில் அவன் வாயிலிருந்து வந்ததே வேதப் புத்தகத்திலுள்ள ஜெபம். ஆள் மாறிக் கேட்டான், அவ்வளவே. என்னிடம் கேட்டதைக் கடவுளிடம் கேட்க வேண்டியதுதான் மிச்சம்.

பிறகு லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்திலுள்ள விதவையின் கதையைச் சொன்னேன். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத ஒரு நீதிபதியிடம், நியாயம் வேண்டி ஓர் ஏழை விதவை ஓயாமல் போகிறாள். அவள் தொல்லை பொறுக்காமல் அவன் நியாயம் செய்ய இசைகிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதைக் கற்பிக்கவே இயேசு இதைச் சொன்னார் என்று லூக்கா எழுதுகிறார்.

“அப்படியானால் கடவுளும் அந்த ஜட்ஜ் மாதிரிதானா, சார்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. கடவுள் அவனைப்போன்றவர் என்பது கதையின் கருத்தன்று. அப்படிப்பட்ட கெட்டவனே செவிகொடுக்கும்போது, நல்லவர் செவிகொடுக்க மாட்டாரோ என்பதே கருத்து. ஆயினும் அந்த நல்லவர் ஏன் தாமதிக்கிறார் என்பதை அக்கதை விளக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கதை முடிவதும் ஒரு கேள்வியிலேயே.

மற்றொன்றையும் கவனிக்கச் சொன்னேன். அவ்விதவை வீட்டுக்குள் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. நடந்தாள். ஒவ்வொரு நாளும் சேலையைச் சரிசெய்துகொண்டு, நீதிபதி இருக்குமிடத்துக்கு நடந்தாள். இயேசு விடா ஜெபத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியவள், மனு எடுத்துக்கொண்டு நடந்தவளே.

இப்படிச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருக்க முடியுமா? அச்சிறுவனின் பெற்றோரைப் பார்க்கப் போனேன். பழைய தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைத் தேடினோம். சிறப்பான நிலைமைகளில் ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது; அதற்கு வயது வரம்பும் உண்டு. ஆதலின் இக்காத்திருப்பில் நாளை வீணாக்கலாகாது. பால்வெட்டுப் பதிவிலிருந்து பள்ளிச் சான்றிதழ்வரை கிடைத்தவற்றை எல்லாம் படியெடுத்துக்கொண்டு, தாயும் தந்தையும் நானுமாக அலுவலகம் சென்றோம். ஒரு காகிதம் குறைகிறதென்றார்கள். மறுபடி சென்றோம். மனுவைப் பெற்றுக்கொண்டு ஒரு ரசீது தந்தார்கள். “இதுவாவது கிடைத்ததே, சார்,” என்று அத்தாய் அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இதையறிந்த என் நண்பர் ஒருவர், பகுத்தறிவுக் கொள்கையுடையவர், “மனுதான் கொடுத்தாகிவிட்டதே, இனி ஜெபம் எதற்கு?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி, எள்ளிக் கேட்டதன்று. “அலுவலகம் மாலையில் கதவைச் சாத்திவிடுகிறது. இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராமல் புரளும் பிள்ளை யாரோடு பேசுவது?” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “ஜெபித்துவிட்டு மனுக் கொடுக்காமலிருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு,” என்றார். அவ்வழக்கிலே நானும் அவர் கட்சியே.

இனி, பெற்றோர்க்கும் என்போன்ற ஆசிரியர்க்கும் என் அனுபவத்திற் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். பிள்ளையின் ஜெபத்துக்கு நாள் குறியாதீர்கள். மூன்று மாதம் என்று சொல்லியே நம் பாட்டன்மாரைக் கொண்டுபோனார்கள். கேட்டது கிடைக்காதபோது விசுவாசம் போதவில்லை என்று பிள்ளையின் தலையிற் பழியைப் போடாதீர்கள். பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பின் முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேண்டியும் அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. அவர்கட்கு விசுவாசம் குறைவென்று யார் சொல்வார்? பிள்ளை முறையிட்டால் வாயை மூடாதீர்கள். முறையீடும் வேதத்தில் உள்ளதே. பிள்ளையைத் தனியாகக் காத்திருக்க விடாதீர்கள், கூட உட்காருங்கள், நடக்க வேண்டிய இடத்துக்குக் கூட நடவுங்கள்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பக்கத்தின் ஒரு பாதியில் நாங்கள் எதைக் கேட்டோம் என்றும், மறு பாதியில் அதற்காக என்ன செய்தோம் என்றும் தேதி போட்டு எழுதுகிறோம். ‘கிடைத்தது’ என்று எழுதத் தனியிடம் வைக்கவில்லை. கிடைத்தால் அன்று பாட்டுப் பாடுவோம். பிள்ளைகள் அதை எழுதிவைக்காமலே நினைவிற் கொள்வர்.

அந்த அட்டை இதுவரை வரவில்லை. அவனுக்கு அடுத்த பிறந்தநாளும் நெருங்குகிறது. சென்ற ஞாயிறு அவனை ஜெபிக்கச் சொன்னேன். எழுந்து நின்று, “ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. சிறு பிள்ளைகள் ‘ஆமென்’ என்றனர்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் கண் மூடியிருந்தது.